கதைகளில் வரும் ரோபோ யாருடைய இடத்துக்கு வருகிறது? சாபெக் முதல் சிட்டி, குஞ்ஞப்பன் வரை ஒரு பார்வை

ஒரு ஈமெயிலைத் திருத்தித் தரச் சொல்லி ஏஐ சாட்பாட்டிடம் கேட்கும்போது, கடைசியில் ‘பிளீஸ்’ சேர்க்கிறீர்களா? வேலை முடிந்ததும் ‘தேங்க்ஸ்’ என்று தட்டிவிட்டு, ‘இதுக்கு எதுக்கு தேங்க்ஸ் சொன்னோம்?’ என்று யோசித்ததுண்டா? பக்கத்து சீட்டில் இருப்பவர் அதே சாட்பாட்டை ‘ஒழுங்கா பண்ணு’ என்று அதட்டி வேலை வாங்குவதையும் பார்த்திருப்பீர்கள்.

இயந்திரத்திடம் எப்படி நடந்துகொள்வது என்ற குழப்பம் நமக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. கதை எழுதுபவர்கள் இதை நூறு வருஷத்துக்கும் மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் ரோபோ என்ன வேலை செய்தது, யார் வீட்டில் இருந்தது, யார் அதற்கு உத்தரவு போட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். ரோபோ பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு மனிதர் இருந்த இடத்துக்குத்தான் வருகிறது. கூலியாள், சிப்பாய், இறந்துபோன மகன், வெளிநாட்டில் இருக்கும் மகன், மருமகள் என்று அந்த இடம் மட்டும் கதைக்குக் கதை மாறும்.

அதனால் ரோபோ கதையைப் புரிந்துகொள்ள, ‘இந்த இயந்திரம் எவ்வளவு புத்திசாலி?’ என்பதைவிட, ‘இந்த இடத்தில் இதற்கு முன்னால் யார் இருந்தார்?’ என்று கேட்பது உதவும். சில முக்கியமான கதைகளை அந்தக் கேள்வியோடு பார்ப்போம். கதைகளின் முடிவுகளும் இதில் வருகின்றன. இன்னும் பார்க்காத படம் ஏதாவது இருந்தால், அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

‘ரோபோ’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1920-ல் புத்தகமாக வந்தது. 1921 ஜனவரியில் பிராக் நகரத்தின் தேசிய அரங்கில் மேடையேறியது. ‘ரோபோ’ என்ற சொல் உலகத்துக்கு அறிமுகமானது இந்த நாடகத்தில்தான். சொல்லை யோசித்துக் கொடுத்தவர் சாபெக்கின் அண்ணன், ஓவியர் யோசெஃப்.

செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால், பண்ணையாரின் நிலத்தில் குடியானவர்கள் கூலி இல்லாமல் செய்தே ஆகவேண்டிய கட்டாய வேலை. தமிழிலும் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ என்பது இப்படிப்பட்ட கூலியில்லா உழைப்பைத்தான் குறிக்கிறது. இன்றைக்கு ‘வெட்டியா இருக்கேன்’ என்கிறோமே, அதே எழுத்துகள்தான். ஆக, ரோபோ என்ற சொல்லிலேயே சம்பளம் கேட்காத, எதிர்த்துப் பேசாத ஓர் ஆள் ஒளிந்திருக்கிறார்.

சாபெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை இல்லை. செயற்கைச் சதையால் உருவாக்கப்பட்டவை, பார்க்க மனிதர்கள் மாதிரியே இருக்கும். ஒரு தீவில் இருக்கும் கம்பெனி அவற்றை மொத்தமாகத் தயாரித்து உலகம் முழுக்க விற்கிறது. முதலில் மலிவான தொழிலாளிகளாகத்தான் வாங்குகிறார்கள். வேலை போன மனிதத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழும்போது, அவர்களை அடக்க ரோபோக்களின் கையில் ஆயுதம் கொடுக்கிறார்கள். அப்புறம் அரசுகள் அவற்றைச் சிப்பாய்களாக வாங்குகின்றன. விபரீதம் தெரிந்தும் கம்பெனி விற்பனையை நிறுத்தவில்லை, ஏனென்றால் ஆர்டர் குவிந்துகொண்டே இருக்கிறது.

கடைசியில் ரோபோக்கள் மனிதர்களை அழித்துவிடுகின்றன. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன: கட்டுமானப் பொறுப்பாளர் அல்குவிஸ்ட். காரணம், அவரும் ரோபோக்களைப் போலவே தன் கையால் வேலை செய்பவர்.

இந்த நாடகத்தை ‘இயந்திரம் மனிதனை அழித்த கதை’ என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் அழிவு வரும் வழியைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் விலை பேசியிருக்கிறார், இன்னொருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இந்த எண்ணம் அதற்கு முன்பு இருந்ததில்லையா?

சொல்தான் புதுசு, எண்ணம் பழசு. தறி நாடா தானாகவே நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்ற கருத்தை, கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பு அரிஸ்டாட்டில் தன் ‘அரசியல்’ நூலில் எழுதியிருக்கிறார். ரோபோ என்ற கற்பனை, அடிமை முறை இருந்த ஒரு சமூகத்தில் அடிமைக்கு மாற்றாகவே யோசிக்கப்பட்டிருக்கிறது.

இந்தியாவைக் களமாகக் கொண்ட ஒரு பழங்கதையும் இருக்கிறது. ‘லோகபஞ்ஞத்தி’ என்ற பாலி நூலில், புத்தரின் அஸ்தியைக் காவல் காக்க அஜாதசத்ரு மன்னன் இயந்திர வீரர்களை நிறுத்தியதாகவும், பின்னாளில் அசோகர் வந்து அவர்களை எதிர்கொண்டதாகவும் கதை போகிறது. அந்தத் தொழில்நுட்பம் ‘ரோம’ நாட்டிலிருந்து வந்ததாம். ரகசியத்தோடு நாட்டைவிட்டு வெளியேறும் தொழிலாளியை இயந்திரங்களே துரத்திக் கொன்றுவிடுமாம். வேலையை விட்டால் கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று இன்று நீங்கள் போடும் கையெழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் ரோபோ வருவது காவலாளியின் இடத்துக்கு.

அசிமோவின் மூன்று விதிகள் யாரைக் காப்பாற்றுகின்றன?

ரோபோ என்றாலே படைத்தவனை அழிக்கும் என்று கதைகள் வந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ் வேறு மாதிரி யோசித்தார். கத்திக்குக் கைப்பிடி வைக்கிறோம், வயருக்கு உறை போடுகிறோம். ரோபோவுக்கும் அதேபோல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கும் அல்லவா? 1942-ல் வெளியான ‘ரன்அரவுண்ட்’ சிறுகதையில் அவருடைய மூன்று விதிகள் முழு வடிவில் வந்தன.

சுருக்கமாகச் சொன்னால்: ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது. முதல் விதிக்கு முரணாகாதவரை மனிதரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். இந்த இரண்டுக்கும் முரணாகாதவரை தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும்.

வரிசையைக் கவனித்தீர்களா? மனிதரின் உயிர், மனிதரின் உத்தரவு, அதற்குப் பிறகுதான் ரோபோவின் இருப்பு. ஒரு நல்ல வேலையாளிடம் எஜமானர் எதிர்பார்க்கும் வரிசை இது. இதன் சங்கடத்தை அசிமோவே பல கதைகளில் எழுதிக் காட்டினார்.

1947-ல் வந்த ‘லிட்டில் லாஸ்ட் ரோபோட்’ கதையில், விண்வெளித் தளம் ஒன்றில் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று சில ரோபோக்களின் முதல் விதியைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறார்கள். ஒருநாள் எரிச்சலில் இருக்கும் ஒரு விஞ்ஞானி, அப்படித் தளர்த்தப்பட்ட ரோபோவைக் கண்டபடி திட்டி, கண்ணில் படாதே, தொலைந்து போ என்கிறார். அது உத்தரவை அப்படியே நிறைவேற்றுகிறது. தன்னைப் போலவே தோற்றம் கொண்ட 62 ரோபோக்களுக்கு நடுவில் போய்க் கலந்துவிடுகிறது. டெட்லைனுக்காகப் பாதுகாப்பு விதியைத் தளர்த்துவது, டென்ஷனில் கீழே இருப்பவர்மேல் எரிந்து விழுவது என்று இரண்டையும் எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்.

1954-ல் புத்தகமான ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலில், நியூயார்க் போலீஸ் அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்த ஓர் இளைஞனின் இடத்துக்கு ஒரு ரோபோ வருகிறது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்த ரோபோவைக் கண்டாலே ஆகாது. அவர்கள் கோபம் முழுக்க ரோபோ மேல்தான் திரும்புகிறது. அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிய முடிவை எடுத்தது ரோபோ இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கண்ணெதிரே நிற்பது அதுதானே!

1976-ல் வந்த ‘தி பைசென்டெனியல் மேன்’ கதையில் ஆண்ட்ரூ என்ற ரோபோ, தன்னை மனிதனாக அங்கீகரிக்கச் சொல்லிப் பல்லாண்டுகள் போராடுகிறது. ஒருநாள் தெருவில் இரண்டு இளைஞர்கள் அதை மறித்து, உடையைக் கழற்றச் சொல்கிறார்கள். உன்னை நீயே கழற்றிப் போடு என்று கட்டளையிடவும் பார்க்கிறார்கள். இரண்டாம் விதிப்படி அதனால் மறுக்க முடியாது. கடைசியில் மரணத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஆண்ட்ரூவை மனிதன் என்று உலகம் ஒத்துக்கொள்கிறது.

ஜப்பானில் மட்டும் ரோபோ நண்பனா?

‘மேற்கத்தியக் கதைகளில் ரோபோ எதிரி, ஜப்பானியக் கதைகளில் ரோபோ நண்பன்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓரளவு உண்மை, முழு உண்மை இல்லை.

ஒசாமு தெசுகா 1952-ல் தொடங்கிய சித்திரக்கதையின் நாயகன் அட்டம். உலகத்துக்கு ‘ஆஸ்ட்ரோ பாய்’. டாக்டர் தென்மாவின் மகன் விபத்தில் இறந்துவிடுகிறான். அந்தத் துக்கத்தில் மகனைப் போலவே ஒரு ரோபோவைச் செய்கிறார். ஆனால் ரோபோ வளராது அல்லவா? அது புரிந்ததும் அதை ஒரு சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். நல்ல மனசுக்காரரான இன்னொரு விஞ்ஞானி வந்து மீட்ட பிறகுதான், உலகம் கொண்டாடும் அட்டம் உருவாகிறான். ஒருவருடைய இடத்தை நிரப்ப மட்டுமே கொண்டுவரப்பட்ட உயிர், அந்த இடத்தை நிரப்ப முடியாதபோது என்ன ஆகும் என்பதுதான் அந்தக் கதையின் தொடக்கம்.

அட்டம் பிறந்ததாகக் கதையில் சொல்லப்படும் நாள் 2003 ஏப்ரல் 7. நிஜ உலகில் அந்த நாள் வந்தபோது, சைதாமா மாகாணத்தின் நீசா நகரம் அட்டமைத் தன் சிறப்புக் குடிவாசியாகவே பதிவு செய்துகொண்டது.

டோரேமான் உங்களுக்கு அறிமுகமே தேவையில்லை. 1969-ல் தொடங்கிய இந்தக் கதையில், 22-ம் நூற்றாண்டிலிருந்து வரும் பூனை ரோபோ நோபிதாவின் வீட்டில் அலமாரிக்குள் படுத்துத் தூங்குகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது, நோபிதாவைத் திட்டுகிறது, சில சமயம் கோபித்துக்கொள்கிறது. உதவத்தான் வந்தது, ஆனால் வேலைக்காரனாக இல்லை. ரோபோ எதிர்த்துப் பேச அனுமதி இருக்கும் வீடு அது.

சோனி நிறுவனத்தின் ‘ஐபோ’ நாய் ரோபோக்களுக்குச் சர்வீஸ் நின்றுபோன பிறகு, சிபா மாகாணத்தின் கோஃபுகுஜி கோயிலில் 2015 முதல் அவற்றுக்கு இறுதிச் சடங்கே நடந்திருக்கிறது. ‘இது கொஞ்சம் ஓவரா இல்ல?’ என்று தோன்றலாம். ஆயுத பூஜை அன்று லேத் மெஷினுக்கும் ஆட்டோவுக்கும் ஆபீஸ் சர்வருக்கும் நாம் சந்தனம் குங்குமம் வைப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மெஷினுக்கு உயிர் இருக்கிறது என்று யாரும் நம்பிச் செய்வதில்லை. வருஷம் முழுக்க நம்மோடு உழைத்ததற்கு ஒரு நாள் மரியாதை, அவ்வளவுதான்.

இந்தியக் கதைகளில் ரோபோ எந்த இடத்துக்கு வந்தது?

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் சுஜாதாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’, குழந்தை பெறுவதற்குக்கூட அரசின் அனுமதி தேவைப்படும் ஓர் எதிர்கால இந்தியாவில் நடக்கிறது. நிலாவின் வீட்டுக்கு ரவியோடு வந்து சேரும் ஜீனோ, ஒரு ரோபோ நாய். செல்லப்பிராணியின் இடத்துக்கு வந்த அது, புத்தகம் படிக்கிறது, வாதம் செய்கிறது, ஒரு கட்டத்துக்கு மேல் தானாக யோசிக்கிறது. மனிதர்கள் எல்லாம் சொன்னதைச் செய்யப் பழகிவிட்ட நாட்டில், கேள்வி கேட்பது ஒரு பொம்மை நாய் என்பதுதான் சுஜாதா வைத்த குத்தல்.

அதே சுஜாதா வசனத்தில் பங்களித்த படம் 2010-ல் வந்த ‘எந்திரன்’. வசீகரன் சிட்டியை உருவாக்குவது ராணுவத்துக்காக, அதாவது சிப்பாயின் இடத்துக்கு. தீ விபத்துக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வந்து கேமராக்களுக்கு முன்னால் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அது நினைக்கிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறார். கொடுத்த உத்தரவை நிறைவேற்றுவதற்கும் மனிதர்களோடு வாழ்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

அதன் பிறகு சிட்டிக்கு உணர்வு வருகிறது, காதல் வருகிறது, வசீகரனே அதைக் கழற்றிக் குப்பைக்கு அனுப்புகிறார். சிட்டியைக் கொலைகாரனாக்கும் சிவப்பு சிப்பை வைப்பவர் போரா என்ற மனிதர். முடிவில் நீதிமன்றம் வசீகரனை விடுவித்து, சிட்டியைப் பிரித்துப்போட உத்தரவிடுகிறது. தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் சிட்டி, கடைசியில் அருங்காட்சியகத்தில் ஒரு காட்சிப் பொருளாகிறது. சிப்பாயாகச் சேர்க்கப்பட்டு, குற்றவாளியாக வெளியேறிய ஒருவரின் கதை அது.

இந்திப் பக்கம் போனால் ரோபோவுக்கு வேறொரு இடம் கிடைக்கிறது. 2016-ல் லைஃப் ஓகே தொலைக்காட்சியில் வந்த ‘பஹூ ஹமாரி ரஜ்னிகாந்த்’ தொடரில், மருமகளாக வருவது ரஜ்னி என்ற ரோபோ. 2024-ல் ஷாகித் கபூர், கிருத்தி சனோன் நடித்த ‘தேரி பாத்தோன் மே ஐஸா உல்ஜா ஜியா’ படத்திலும் நாயகன் காதலித்து வீட்டுக்கு அழைத்து வருவது ஒரு ரோபோவை. இரண்டிலுமே குடும்பத்துக்கு அது ரோபோ என்று தெரியாது. சோர்வில்லை, மறுத்துப் பேசுவதில்லை, சொன்ன வேலை உடனே நடக்கிறது. இப்படி ஒருத்தி வீட்டுக்கு வந்தால் ‘நல்ல மருமகள்’ என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறாள் என்றால், உண்மையான மருமகள்களிடம் நாம் எதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்? காமெடியாக எடுக்கப்பட்டவைதான். சிரித்து முடித்த பிறகும் இந்தக் கேள்வி மிச்சம் இருக்கிறது. செல்போன்களில் உதவியாளர் குரல் பெரும்பாலும் பெண் குரலாகவே வடிவமைக்கப்படுவது, பெண்கள் ஏவிய வேலையைச் செய்பவர்கள் என்ற எண்ணத்தை வலுப்படுத்துவதாக யுனெஸ்கோவின் 2019 அறிக்கையும் கவலை தெரிவித்தது.

மலையாளத்தில் 2019-ல் வந்த ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’, உங்களில் பலருக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்கும் கதை. பையனூரில் தனியாக இருக்கும் பிடிவாதக்கார அப்பா. மகனுக்கு ரஷ்யாவில் வேலை. ஹோம் நர்ஸ் ஏற்பாடு சரிப்பட்டு வரவில்லை. மகன் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். முதலில் முறைத்துக்கொண்டிருக்கும் அப்பா, கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பிள்ளையாகவே பார்க்கத் தொடங்குகிறார். ரோபோ ஆபத்தானது, திருப்பி அனுப்ப வேண்டும் என்று மகன் வந்து சொல்லும்போது அவர் விடுவதாக இல்லை. இதுதான் 2022-ல் கே.எஸ்.ரவிக்குமார் நடிப்பில் ‘கூகுள் குட்டப்பா’ என்று தமிழில் வந்தது.

இந்தக் கதையில் வில்லன் என்று யாரும் கிடையாது. மகன் பாசம் இல்லாதவன் இல்லை. வேலை அங்கே இருக்கிறது, அப்பா இங்கே இருக்கிறார். பெங்களூரிலோ துபாயிலோ உட்கார்ந்து, ஊரில் அம்மா மாத்திரை போட்டாரா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கும் எவருக்கும், அந்த ரோபோ யாருடைய இடத்தில் இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

ரோபோவுக்கு உரிமை கொடுக்கலாமா?

1989-ல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ அத்தியாயத்தில் இது ஒரு வழக்காகவே நடக்கிறது. டேட்டா என்ற அதிகாரி ஒரு ஆண்ட்ராய்டு. அவரைக் கழற்றி ஆராய்ந்து, அவரைப் போல இன்னும் பலரைச் செய்ய ஒரு விஞ்ஞானி விரும்புகிறார். டேட்டா அமைப்பின் சொத்து, மறுக்க உரிமையில்லை என்பது வாதம். டேட்டாவுக்காக வாதாடும் கேப்டன் பிக்கார்ட் கேட்பது இதுதான்: ஒருவர் என்றால் ஒரு வியப்பு, ஆயிரக்கணக்கில் செய்தால் அது ஓர் இனம் இல்லையா? அந்த இனத்தை நாம் எப்படி நடத்தினோம் என்பதை வைத்து நம்மை எடைபோட மாட்டார்களா? முடிவெடுக்கும் உரிமை டேட்டாவுக்கே உண்டு என்று தீர்ப்பாகிறது.

நிஜ உலகிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ரோபோக்களுக்கான சிவில் சட்ட விதிகள் குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் முகவுரையிலேயே ஃபிராங்கன்ஸ்டைனும் சாபெக்கின் ரோபோவும் வருகின்றன, அசிமோவின் விதிகளும் குறிப்பிடப்படுகின்றன. ஆனால் அந்த விதிகளை இயந்திர மொழியில் எழுத முடியாது என்பதால், அவை ரோபோவை வடிவமைப்பவர், தயாரிப்பவர், இயக்குபவர் ஆகியோருக்குத்தான் என்று தீர்மானம் சொன்னது. மிக முன்னேறிய ரோபோக்களுக்கு ‘மின்னணு நபர்’ என்ற சட்ட அந்தஸ்து தரலாமா என்று ஆராயவும் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே 150-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் இதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். நஷ்டத்துக்கு ரோபோவே பொறுப்பு என்றாகிவிட்டால், தயாரித்தவர் தப்பித்துவிடுவார் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று.

2017 அக்டோபரில் சவுதி அரேபியா ‘சோஃபியா’ என்ற ரோபோவுக்குக் குடியுரிமை அறிவித்தது. அந்த நேரத்தில் அந்நாட்டுப் பெண்கள் கார் ஓட்டும் அனுமதிக்காக இன்னும் காத்திருந்தார்கள். அது 2018 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது.

மனிதர் அல்லாத ஒன்று சட்டத்தின் கண்ணில் ‘நபர்’ ஆவது இந்தியாவுக்குப் புதிதில்லை. கம்பெனிகள் சட்டப்படி நபர்கள். கோயில் தெய்வங்கள் சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்கு நடத்தவும் முடியும் என்பதை நீதிமன்றங்கள் நீண்ட காலமாக ஏற்றிருக்கின்றன. 2017-ல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கை, யமுனை நதிகளுக்கும் அந்த அந்தஸ்தைத் தந்தது, அதே ஆண்டு உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தெய்வம் என்றால் அறங்காவலர், கம்பெனி என்றால் இயக்குநர் குழு என்று ஒவ்வொரு ‘நபருக்கும்’ பின்னால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். ரோபோ நபரானால் அதற்குப் பின்னால் யார் நிற்பார் என்பதுதான் விஷயம்.

இயந்திரத்துக்குள் மனிதர் இருந்தால்?

1770-ல் வியன்னா அரசவையில் ஒரு சதுரங்க இயந்திரம் அறிமுகமானது. தலைப்பாகை கட்டிய ஒரு பொம்மை, பெரிய பெரிய ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. பெயர் ‘தி டர்க்’. பல ஆண்டுகள் உலகத்தை வியக்கவைத்த அந்தப் பெட்டிக்குள், உண்மையில் ஒரு மனிதர் குறுகி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

அமேசான் 2005-ல் தொடங்கிய ஒரு சேவைக்கு ‘மெக்கானிக்கல் டர்க்’ என்றே பெயர் வைத்தது. கம்ப்யூட்டரால் செய்ய முடியாத சின்னச் சின்ன வேலைகளை, இணையம் வழியாக மனிதர்களிடம் கொடுத்துச் செய்யவைக்கும் சேவை அது. இன்று நீங்கள் பயன்படுத்தும் ஏஐ-க்குப் பின்னாலும் படத்துக்கு லேபிள் போடுபவர்கள், பதில்களைத் தரம் பிரிப்பவர்கள், பார்க்க முடியாத வன்முறைக் காட்சிகளைப் பார்த்து வடிகட்டுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலும் பலருக்கு இதுதான் வேலை.

கதைகளில் மனிதரின் இடத்துக்கு ரோபோ வந்தது. இங்கே ரோபோ இருப்பதாக நாம் நினைக்கும் இடத்தில் பாதி மனிதர்கள் இருக்கிறார்கள். ‘தேங்க்ஸ்’ சொன்னால் அவர்கள் காதுக்குப் போகாது, ஆனால் அவர்களுக்கு என்ன சம்பளம் என்று நாம் கேட்கலாம்.

சரி, இதுல நமக்கு என்ன?

உங்கள் அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ ஒரு புது ‘ஸ்மார்ட்’ ஏற்பாடு வரும்போது, இந்தக் கதைகளிலிருந்து நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. இந்த இடத்தில் இதற்கு முன்னால் யார் இருந்தார், அவர் இப்போது எங்கே? அசிமோவின் நாவலில் வேலை இழந்த அந்தப் பையனைப் பற்றி யோசிக்காமல், எல்லோரும் ரோபோவைத்தான் முறைத்தார்கள்.

2. உத்தரவு போடுபவர் யார், லாபம் யாருக்கு? சாபெக்கின் தீவில் ரோபோக்கள் தங்களைத் தாங்களே விற்றுக்கொள்ளவில்லை.

3. தவறு நடந்தால் யார் பதில் சொல்வார்? எந்திரனில் நீதிமன்றக் கூண்டிலிருந்து விடுதலையாகி வெளியே வந்தவர் வசீகரன், பிரிக்கப்பட்டது சிட்டி. ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்’ என்ற பதிலை வங்கியிலோ ஹெச்.ஆர். டீமிடமோ கேட்டிருந்தால், இந்தக் கேள்வியின் அவசியம் உங்களுக்குத் தெரியும்.

4. ரோபோ வந்ததால் மனிதர்களுக்கு நடுவே இருந்த எந்தப் பேச்சு நின்றுபோகிறது? குஞ்ஞப்பன் அப்பாவுக்கு நேரத்துக்குச் சோறு போட்டது. மகனும் அப்பாவும் பேசித் தீர்க்க வேண்டியது அப்படியே இருந்தது.

சாட்பாட்டுக்கு ‘பிளீஸ்’ போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அதற்கு அது வருத்தப்படுமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க ஒன்றை அதட்டி வேலை வாங்கிப் பழகிய அதே குரலில்தான் சாயங்காலம் டெலிவரிக்கு வரும் தம்பியிடமும் பேசப்போகிறோம். ஊருக்குப் போன் போட்டால் அப்பாவிடம் பேசுவதும் அந்தக் குரல்தான்.